வென்ற பின்னும் விற்கப்பட்ட நிறுவனம்: பேச்சறிதல் காப்புரிமை வழக்குகளைப் பற்றி

ஒலியலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குரல் உதவியாளர்கள் ஏன் நான்கைந்து பெரிய நிறுவனங்களிடமே இருக்கின்றன என்று இங்கு வேறோர் இழையில் கேள்வி எழுந்தபோது, தரவும் கணினித் திறனும் அவர்களிடம் குவிந்திருப்பதையே பலரும் காரணமாகச் சொன்னார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகளாகப் பேச்சறிதல் துறையில் வேலை பார்த்து வருபவன் என்ற முறையில், அந்த உரையாடலில் யாருமே தொடாமல் விட்ட காப்புரிமை வழக்குகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும் என்று தோன்றியது. நம் செய்தித்தாள்கள் காப்புரிமை என்ற சொல்லைப் பதிப்புரிமைக்கும் சேர்த்தே பயன்படுத்துவதால், நான் இங்கே பேசுவது புதுக்கண்டுபிடிப்புக்கு அரசு தரும் பேட்டன்ட் உரிமையைப் பற்றி மட்டுமே என்பதை முதலிலேயே தெளிவாக்கி விடுகிறேன்.

வ்லிங்கோ என்ற பெயரை இளையவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2006-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் மைக் பிலிப்ஸும் ஜான் நுயெனும் தொடங்கிய நிறுவனம் அது. கைப்பேசியில் நாம் பேசுவதை வழங்கிக்கு (சர்வர் கணினிக்கு) அனுப்பி, அங்கே அதை எழுத்தாக்கி, உடனே திருப்பித் தரும் தொழில்நுட்பத்தை அவர்கள் செய்தார்கள். ஆப்பிள் வாங்குவதற்கு முன்பு தனி நிறுவனமாக இருந்த சிரி, பேச்சை எழுத்தாக்குவதற்கு முதலில் வ்லிங்கோவையே நம்பியிருந்தது. பிலிப்ஸ் இந்தத் துறைக்குப் புதியவர் அல்லர். அவர் இதற்கு முன் பாஸ்டனில் ஸ்பீச்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். அந்த நிறுவனத்தை 2003-இல் ஸ்கேன்சாஃப்ட் வாங்கியது. அதே ஸ்கேன்சாஃப்ட் 2005-இல் நுவான்ஸ் நிறுவனத்தோடு இணைந்து, அந்தப் பெயரையே தன் பெயராகவும் வைத்துக்கொண்டது. ஆகவே பிலிப்ஸ் தன் இளமையில் கட்டியெழுப்பிய நிறுவனத்தின் உடைமைகள் அனைத்தும், பிற்காலத்தில் அவர் எதிர்கொள்ள நேர்ந்த போட்டியாளரின் பெட்டகத்தில் இருந்தன.

2008-இல் நுவான்ஸ் வ்லிங்கோ மீது வழக்குத் தொடுத்தது. ஒரு வழக்கோடு அது நிற்கவில்லை. மொத்தம் ஆறு வழக்குகள் வந்தன. நிறுவனத்தை விற்று விடுங்கள், இல்லையேல் வழக்கைச் சந்தியுங்கள் என்ற பேச்சு அதற்கு முன்பே நுவான்ஸின் தலைமையிடமிருந்து வந்ததாக, 2012 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட நீண்ட கட்டுரை சொல்கிறது. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் ஆப்பிளும் கூகுளும் வ்லிங்கோவுடனான பேச்சிலிருந்து விலகிக்கொண்டன. சிரிக்குள் இருந்த பேச்சறிதல் இயந்திரமும் நுவான்ஸின் இயந்திரமாக மாறியது; அந்தச் சிரியை 2010 ஏப்ரலில் ஆப்பிள் வாங்கியது. 2011 ஆகஸ்டில் முதல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, வ்லிங்கோ காப்புரிமையை மீறவில்லை என்று நடுவர் குழு (ஜூரி) தீர்ப்பளித்தது. அந்த ஒரு வெற்றிக்கு ஆன செலவு 30 லட்சம் டாலர். இன்னும் ஐந்து வழக்குகள் வரிசையில் காத்திருந்தன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே வ்லிங்கோ தன்னை நுவான்ஸுக்கு விற்க ஒப்புக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு விற்பனை முடிந்தது.

தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி ஒரு சட்ட அமைப்பு செயல்பட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை என் துறையில் நான் கண்டதில்லை. இது பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கருவேலம் எழுதியது:

நண்பர் ஒலியலை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எழுதிய வரலாற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதிலிருந்து நீங்கள் செல்லும் முடிவில்தான் வேறுபாடு உண்டு. காப்புரிமை என்பது பெரியவன் சிறியவனை அடிக்கும் தடி என்று மட்டும் ஒரு படத்தை வரைந்து விட்டீர்கள். அதே தடி சிறியவன் கையிலும் இருந்திருக்கிறது.

வாஷிங்டன் மாநிலத்தில் 2001-இல் தொடங்கிய வாய்ஸ்பாக்ஸ் என்ற நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயனர் இயல்பாகப் பேசும் பேச்சின் சூழலை நினைவில் வைத்துக்கொண்டு விடை சொல்லும் முறைகளை, அமேசானின் எக்கோ கருவி 2014-இல் வெளியாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றிருந்தார்கள். அமேசானுக்கு 2011-இலேயே தங்கள் தொழில்நுட்பத்தை விளக்கிக் காட்டினோம் என்பது அவர்கள் தரப்பின் குற்றச்சாட்டு. நிறுவனம் 2018-இல் நுவான்ஸிடம் போன பிறகு, காப்புரிமைகளை வைத்திருந்த விபி அசெட்ஸ் 2019-இல் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. 2023 நவம்பரில் டெலவேர் நடுவர் குழு, எக்கோவின் குரல் உதவியாளரான அலெக்சா அந்தக் காப்புரிமைகளை மீறியது என்று கண்டு, 4.67 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. காப்புரிமை என்ற ஒன்று இல்லாதிருந்தால், அவ்வளவு பெரிய நிறுவனத்தை நீதிமன்றத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்க அவர்களுக்கு வேறு எந்த வழி இருந்திருக்கும்?

பல்கலைக்கழகங்களையும் மறந்துவிடக் கூடாது. நியூயார்க் மாநிலத்தின் ரென்சலர் பல்தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவரும், இயல்பான மொழியில் கேட்கும் கேள்வியைத் தரவுத்தளத்துக்குப் புரியும் வினவலாக மாற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். அதன் அடிப்படையில் சிரி மீது 2012-இல் தொடுத்த வழக்கை, 2016-இல் ஆப்பிள் 2.49 கோடி டாலருக்குச் சமரசம் செய்து முடித்துக்கொண்டது. அறிவை உண்டாக்கியவர்களுக்கு அந்தப் பணத்தில் ஒரு பங்கு போய்ச் சேர்வதை நான் அநீதி என்று சொல்ல மாட்டேன்.

தாமிரபரணி எழுதியது:

காப்புரிமை விண்ணப்பங்களை எழுதுவதே என் தொழில் என்பதால், இருவர் பேசியதற்கும் இடையில் விடுபட்டுப் போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். காப்புரிமை ஆவணம் என்றால் அதன் தலைப்போ, சுருக்கமோ, படங்களோ அல்ல; எது தனக்கு உரியது என்று கடைசியில் எண்ணிட்டுச் சொல்லும் உரிமைக்கோரல்கள்தாம் அதன் உயிர். ஒவ்வொரு உரிமைக்கோரலும் ஒரே நீண்ட வாக்கியம். அந்த வாக்கியத்தில் உள்ள கூறுகள் அனைத்தும் எதிராளியின் பொருளில் இருந்தால்தான் மீறல் ஆகும்; ஒரு கூறு குறைந்தாலும் சொல்லுக்குச் சொல் மீறல் இல்லை. ஆகவே ஒரு காப்புரிமை எவ்வளவு அகலமானது என்பது அந்த வாக்கியத்தில் எத்தனை சொற்கள் குறைவாக இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. வேலி கட்டும் போது கம்பங்களைக் குறைத்து நட்டால் வளைக்கப்படும் நிலம் கூடும், அவ்வளவுதான்.

வ்லிங்கோ வழக்கில் 2011-இல் விசாரணைக்கு வந்த காப்புரிமை, 1999-இல் விண்ணப்பித்து 2004-இல் வழங்கப்பட்டது. ஒருவர் தொலைவிலிருந்து பேசும் போது அவருடைய குரலுக்கேற்பப் பேச்சறிதல் அமைப்பு தன்னைத் திருத்திக்கொண்டு, அந்தத் திருத்தத்தைச் சேமித்து வைத்து, அவர் அடுத்த முறை தொடர்பு கொள்ளும்போது அதையே பயன்படுத்துவது அதன் சாரம். 1999-இல் தொலைபேசி வழியாகப் பேசும் வாடிக்கையாளர் சேவை அமைப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஆவணம் அது. பத்து ஆண்டுகள் கழித்துக் கைப்பேசிச் செயலிகளின் மீது அது வீசப்பட்டது. பேசுபவரை நினைவில் வைத்துக்கொள்ளாத பேச்சறிதல் அமைப்பு ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டால், ஒலியலை அவர்களே தடுமாறுவார் என்று நினைக்கிறேன். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு என்ற கணக்கில் அதன் காலமும் 2019-இல் முடிந்து விட்டது. வ்லிங்கோ அதைப் பார்க்க இருக்கவில்லை.

இத்தகைய அகலமான வேலிகளைக் காப்புரிமை அலுவலகம் ஏன் அனுமதிக்கிறது என்ற கேள்வி வரும். குரலாலும் எழுத்தாலும் பல இடங்களில் ஒரே நேரத்தில் தேடும் முறைக்காக ஆப்பிள் 2004-இல் அளித்த விண்ணப்பத்தின் வரலாறு இதற்கு விடை சொல்லும். அமெரிக்க அலுவலகம் ஒரு புதிய விண்ணப்பத்தைப் பரிசீலிக்க அந்நாளில் வழக்கமாக ஒதுக்கியது ஏறத்தாழ 23 மணி நேரம். அந்த விண்ணப்பம் மீண்டும் மீண்டும் மறுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சொற்களை மாற்றித் திரும்பச் சமர்ப்பித்தார்கள். பத்தாவது முயற்சியில், 2011 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூனிலேயே அதைக் கொண்டு சாம்சங்கின் கேலக்ஸி நெக்ஸஸ் கைப்பேசி விற்பனைக்கு இடைக்காலத் தடை பெற்றார்கள். அந்தத் தடையை 2012 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. விண்ணப்பதாரர் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரலாம், பரிசீலகருக்கோ நேரம் அளந்து தரப்படுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு என் தொழிலில் நான் அன்றாடம் காண்பது.

நண்பர் கருவேலம் சொன்ன ரென்சலர் வழக்கில் ஒரு திருத்தம். அந்த வழக்கை முன்னின்று நடத்தியது பல்கலைக்கழகம் அன்று. காப்புரிமையை உரிமம் எடுத்து வழக்குத் தொடுப்பதையே தொழிலாகக் கொண்ட மராத்தான் பேட்டன்ட் குழுமத்தின் துணை நிறுவனம். பல்கலைக்கழகத்துக்குப் பங்கு கிடைத்தது உண்மை. ஆனால் மீதிப் பங்கு எங்கே போனது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

நான் கல்லூரி முடித்து இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. நண்பர்களோடு சேர்ந்து தமிழில் பேசினால் எழுதித் தரும் சிறிய செயலி ஒன்றைச் செய்து வருகிறேன். ஓர் ஐயம். எங்கள் பாடத்தில் மறைநிலை மார்க்கோவ் மாதிரி (கேட்கும் ஒலியிலிருந்து அதன் பின்னால் மறைந்துள்ள சொற்களை நிகழ்தகவால் கணிக்கும் கணித முறை) என்று படித்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சறிதலின் அடித்தளமாக இருந்ததே அதுதான் என்றார்கள். அதற்குக் காப்புரிமை இருந்திருந்தால் துறையே ஓரிருவர் கையில் இருந்திருக்குமே? அது ஏன் நடக்கவில்லை?

ஒலியலை எழுதியது:

தம்பி வைகைக்கரை, நல்ல கேள்வி கேட்டீர்கள். இதற்கு விடை எழுத எனக்கு ஆசையும் உண்டு.

அந்தக் கணிதம் 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் பாதுகாப்புப் பகுப்பாய்வு நிறுவனத்தில் லெனார்ட் பாமும் அவருடைய சக ஆய்வாளர்களும் வளர்த்தெடுத்தது. அதைக் கணித ஆய்விதழ்களில் வெளியிட்டார்கள். மிகச் சாத்தியமான பாதையைக் கண்டுபிடிக்கும் வழிமுறையை ஆண்ட்ரூ விட்டர்பி 1967-இல் வெளியிட்டார். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. இவ்விரண்டையும் பேச்சுக்குப் பொருத்திப் பார்த்தவர்களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜேம்ஸ் பேக்கரும், ஐபிஎம்மில் ஃப்ரெடெரிக் ஜெலினெக்கின் குழுவும் முதன்மையானவர்கள். 1989-இல் பெல் ஆய்வகத்தின் லாரன்ஸ் ரபினர் எழுதிய பாட விளக்கக் கட்டுரையைப் படித்துத்தான் என் தலைமுறையினர் உலகெங்கும் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். நானும் அதன் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சமன்பாட்டையும் கையால் எழுதிப் பார்த்துத்தான் கற்றேன். தூய கணித வழிமுறைக்குத் தனிக் காப்புரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இலேயே கூறியிருந்ததும் இதற்குத் துணை நின்றது.

சண்டைகள் பிறந்தது அடித்தளத்தில் அல்ல, அதன் மேல் கட்டிய அறைகளில்தான்: பேசுபவருக்கேற்பத் திருத்துவது, தொலைபேசியில் பெயர் சொன்னால் அழைப்பது, பேச்சைக் கொண்டு தேடுவது என்று ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு.

இனி, அந்தப் பூட்டுகள் கை மாறிய விதத்தைப் பாருங்கள். ஜேம்ஸ் பேக்கரும் அவருடைய மனைவி ஜேனட் பேக்கரும் 1982-இல் டிராகன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, 1997-இல் இடைநிறுத்தமின்றித் தொடர்ச்சியாகப் பேசினாலே எழுதும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். 2000-இல் பெல்ஜிய நாட்டு லெர்னவுட் அண்ட் ஹவுஸ்பி நிறுவனத்துக்கு ஏறத்தாழ 58 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு விற்றார்கள். சில மாதங்களிலேயே அந்த நிறுவனத்தின் கணக்குமோசடி வெளிப்பட்டு, அது திவாலானது. பேக்கர் தம்பதியர் பெற்ற பங்குகள் வெறும் காகிதமாயின. திவாலான நிறுவனத்தின் பேச்சறிதல் உடைமைகளை 2001 இறுதியில் ஸ்கேன்சாஃப்ட் வாங்கியது. உடைமைகளோடு காப்புரிமைகளும் வந்தன. 2004-இல் ஸ்கேன்சாஃப்ட், முன்னாள் டிராகன் பொறியாளர்கள் பணியாற்றிய வாய்ஸ் சிக்னல் என்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2007-இல், பெயர் மாறிய அதே நிறுவனமான நுவான்ஸ், வாய்ஸ் சிக்னலை 29 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. முதலில் வழக்கு, பிறகு கொள்முதல். வ்லிங்கோவில் நடந்தது இரண்டாம் முறை.

கண்டுபிடித்த பேக்கர் தம்பதியருக்கு அந்தக் காப்புரிமைகளால் பின்னாளில் ஒரு காசும் வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கருவேலம் எழுதியது:

பேக்கர் தம்பதியரின் இழப்புக்குக் காரணம் பெல்ஜிய நிறுவனத்தின் மோசடி. அதைக் காப்புரிமைச் சட்டத்தின் தலையில் ஏற்றுவது சரியன்று. மற்றபடி தாமிரபரணி அவர்கள் செய்த திருத்தத்தை ஏற்கிறேன். அவர் சொன்ன பிறகு வேறொரு வழக்கையும் மீண்டும் எண்ணிப் பார்த்தேன்.

சிரி பிறந்தது கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் ஆய்வு நிறுவனத்தில். அங்கே 1990-களில், தனித்தனி மென்முகவர்கள் (தாமே இயங்கும் சிறு நிரல்கள்) ஒன்றோடொன்று பேசி வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கட்டமைப்பு ஒன்றை உருவாக்கி, அதற்குக் காப்புரிமைகளும் பெற்றார்கள். அந்தக் காப்புரிமைகளை 2016-இல் ஐபிஏ டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் வாங்கியது. அது கனடாவைச் சேர்ந்த வைலேன் என்ற காப்புரிமை உரிம நிறுவனத்தின் கிளை. 2024 மே மாதத்தில் டெலவேர் நடுவர் குழு, மைக்ரோசாஃப்ட்டின் கார்டானா அவற்றில் ஒன்றை மீறியதாகக் கண்டு, 24.2 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அந்தத் தீர்ப்பு வந்தபோது கார்டானா என்ற உதவியாளரை மைக்ரோசாஃப்ட் கைவிட்டே விட்டிருந்தது.

கண்டுபிடித்த ஆய்வாளர்கள் ஒரு புறம், பயன்படுத்திய நிறுவனம் ஒரு புறம், வழக்குப் போட்டவர் மூன்றாம் நபர். வாய்ஸ்பாக்ஸ் வழக்கையும் இதையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தி நான் வாதாட மாட்டேன். ஆனாலும், ஆய்வு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளை விற்க முடியாது என்று தடுத்தால், அடுத்த ஆய்வுக்கு அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் நீங்கள் விடை சொல்ல வேண்டும்.

சீனாவைப் பற்றியும் யாரேனும் எழுதினால் நன்று.

தாமிரபரணி எழுதியது:

சீனாவைப் பற்றி நானே சுருக்கமாகச் சொல்கிறேன். ஷாங்காயின் ஜிஜென் நிறுவனம், உரையாடும் இயந்திர முறை ஒன்றுக்காக 2004-இல் விண்ணப்பித்து 2009-இல் காப்புரிமை பெற்றது. சியாவ் ஐ ரோபோ என்பது அவர்களுடைய உரையாடல் மென்பொருள். சிரி சீனாவுக்கு வந்ததும், 2012-இல் ஆப்பிள் மீது வழக்கு. காப்புரிமையே செல்லாது என்று ஆப்பிள் எதிர்வழக்காடியது. 2014-இல் பெய்ஜிங் இடைநிலை நீதிமன்றம் செல்லும் என்றது, 2015-இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, 2020-இல் உச்ச மக்கள் நீதிமன்றம் மீண்டும் செல்லும் என்றது. உடனே ஜிஜென் 1,000 கோடி யுவான் கேட்டுப் புதிய வழக்கைத் தொடுத்தது. செல்லுமா செல்லாதா என்பதை மட்டும் முடிவு செய்யவே எட்டு ஆண்டுகள் ஆயின என்பதைக் கவனியுங்கள். சிறிய நிறுவனம் வாதியாக இருந்தாலும் பிரதிவாதியாக இருந்தாலும் காலம் அதற்கு எதிராகவே ஓடுகிறது.

நண்பர் கருவேலத்தின் கேள்விக்கு என் விடை: விற்பதைத் தடுக்க வேண்டியதில்லை, தவறாக வழங்கப்பட்ட உரிமையைக் குறைந்த செலவில் எதிர்த்துக் கேட்க வழி இருந்தால் போதும். அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தால், வழங்கப்பட்ட காப்புரிமையை முன்பே வெளியான ஆவணங்களைக் காட்டி, நீதிமன்றத்துக்கு வெளியே, காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியத்திலேயே எதிர்க்கும் வழி 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வ்லிங்கோ விற்பனை முடிந்த சில மாதங்களுக்குப் பிறகு! அதன் பின், 2014 ஜூனில் ஆலிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுவான ஒரு கருத்தை எடுத்துக் கணினியில் செய் என்று சொல்வதால் மட்டும் அது காப்புரிமைக்கு உரியதாகி விடாது என்று தீர்ப்பளித்தது. மென்பொருள் காப்புரிமைகள் பல அதன் பிறகு வீழ்ந்தன. இவ்விரண்டும் 2008-இல் இருந்திருந்தால் வ்லிங்கோவின் கதை வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தியச் சட்டம் இதில் வேறு பாதையில் வந்தது. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, கணினி நிரல் என்ற அளவிலேயே நிற்கும் நிரல், படிமுறைத் தீர்வு (அல்காரிதம்) ஆகியவை கண்டுபிடிப்புகள் ஆகா என்கிறது. மென்பொருளுக்குக் கதவைச் சற்றுத் திறக்க 2004 டிசம்பரில் கொண்டு வந்த அவசரச் சட்டத்தின் திருத்தத்தை, 2005-இல் நாடாளுமன்றம் ஏற்காமல் விட்டுவிட்டது. அதற்காக இங்கே மென்பொருள் சார்ந்த காப்புரிமையே கிடையாது என்று எண்ணிவிடாதீர்கள். தொழில்நுட்ப விளைவைக் காட்ட முடிந்தால் கிடைக்கும். தில்லி உயர் நீதிமன்றம் 2019-இல் ஃபெரித் அல்லானி வழக்கில் அதைத் தெளிவாக்கியது. மேலும் இங்கே, காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே எவர் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். மருந்துத் துறையில் நோயாளிகள் சங்கங்கள் இதைப் பயன்படுத்தியுள்ளன. மென்பொருள் துறையினரும் அதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

வைகைக்கரை எழுதியது:

தாமிரபரணி அம்மா, மிக்க நன்றி. எங்கள் செயலிக்கு ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாதிரியை எடுத்துத் தமிழுக்கு மேலும் பயிற்றுவித்திருக்கிறோம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவின் தமிழ் மாதிரிகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். விஸ்பர் எம்ஐடி என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் இருப்பதால் எந்த வழக்கும் வராது என்று எங்கள் குழுவில் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அது சரிதானா?

தாமிரபரணி எழுதியது:

சரியன்று. நான் சொல்வதைத் தனிப்பட்ட சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், பொது விளக்கமாகக் கொள்ளுங்கள்.

எம்ஐடி உரிமம் மிகச் சிறியது. மென்பொருளைப் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று சொல்கிறதே தவிர, காப்புரிமை என்ற சொல் அதில் எங்குமே இல்லை. அந்தச் சொற்களிலேயே காப்புரிமை அனுமதியும் மறைமுகமாக அடங்கியுள்ளது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அது வாதம்தான். அப்பாச்சி 2.0 உரிமம் அப்படியன்று. நிரலுக்குப் பங்களித்த ஒவ்வொருவரும் தம் பங்களிப்பைத் தொடும் காப்புரிமைகளைப் பயன்படுத்த வெளிப்படையாக அனுமதி தருகிறார்கள். அந்த நிரல் தன் காப்புரிமையை மீறுகிறது என்று எவரேனும் வழக்குத் தொடுத்தால், அந்த நிரலுக்காக அவருக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதி அன்றே முடிந்து விடும். பேச்சறிதல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பயன்படுத்திய கால்டி மென்பொருள் அப்பாச்சி உரிமத்தில்தான் வெளியானது.

ஆனால் எந்த உரிமமானாலும், அதைக் கொடுத்தவரிடம் இல்லாத உரிமையை அது உங்களுக்குத் தர முடியாது. நிரலுக்குத் தொடர்பே இல்லாத மூன்றாம் நபரிடம் ஒரு காப்புரிமை இருந்தால், எம்ஐடியும் அப்பாச்சியும் உங்களைக் காக்க மாட்டா. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி; இந்தியாவில் மட்டும் செயலியைத் தருகிறீர்களா, அமெரிக்காவில் உள்ளவர்களும் பணம் கட்டிப் பயன்படுத்துகிறார்களா என்பதைப் பொறுத்து நிலைமை மாறும்.

நரம்பு வலையமைப்புகளின் அடிப்படை உத்திகளுக்கே காப்புரிமை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சியின்போது சில கணுக்களை இடையிடையே அணைத்து வைக்கும் டிராப்அவுட் உத்திக்குக் கூகுள் 2016-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இன்று அதைப் பயன்படுத்தாத மாணவர் அரிது.

ஒலியலை எழுதியது:

தம்பி, இதைப் படித்துப் பயந்து வேலையை நிறுத்திவிட வேண்டாம். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு சிறு நிறுவனத்தில் இருந்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக, தொலைபேசியில் பேசுபவரின் குரலுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அமைப்பைச் செய்து கொடுத்தோம். ஒரு நாள், பெயரே கேள்விப்படாத ஒரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. நான்கு காப்புரிமை எண்களைக் குறிப்பிட்டு, உரிமக் கட்டணம் செலுத்துங்கள் அல்லது வழக்கை எதிர்பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் எந்த உரிமைக்கோரலை, எவ்வாறு மீறினோம் என்று ஒரு வரி கூட அதில் இல்லை. நாங்கள் மீறவில்லை என்பதற்கு வழக்குரைஞரின் கருத்துரையைப் பெறுவதற்கே எங்கள் மூன்று மாதச் சம்பளத் தொகை ஆகும் என்று தெரிந்தது. வாடிக்கையாளர் அந்தக் கடிதத்தைப் பற்றி அறிந்ததும், அந்த அம்சத்தை நீக்கிவிடச் சொன்னார். நீக்கினோம். ஓராண்டு உழைப்பு அது. வழக்கு கடைசி வரை வரவே இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

அந்த நான்கு காப்புரிமைகளையும் பின்பு நான் பொறுமையாகப் படித்தேன். அவற்றுள் இரண்டு சொல்லும் முறையை, அவற்றின் விண்ணப்ப நாளுக்கு முன்பே ஒரு மாநாட்டுக் கட்டுரையில் நான் படித்திருந்தேன். அதைக் கடிதம் வந்த வாரத்திலேயே தேடி எடுத்திருந்தால் வாடிக்கையாளரிடம் காட்டியிருக்கலாம். அன்று எங்களுக்கு அது தெரியவில்லை. கருவேலம் அவர்களே, உங்கள் வாய்ஸ்பாக்ஸ் சான்றை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு வாய்ஸ்பாக்ஸ் நீதிமன்றம் வரை போய் வெல்லும்போது, எங்களைப் போல் கடிதத்தோடு முடிந்துபோன எத்தனையோ குழுக்கள் எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் இடம்பெறுவதில்லை.

கருவேலம் எழுதியது:

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. எந்த உரிமைக்கோரல், எந்த வகையில் மீறப்பட்டது என்று எழுதாத கடிதத்தை அனுப்புவதையே சட்டம் தண்டிக்க வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். காப்புரிமை முறை வேண்டும் என்ற என் நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை.

தாமிரபரணி எழுதியது:

வைகைக்கரைக்கு ஒரு செய்தி மட்டும். நீங்கள் செய்யும் ஒவ்வொரு புதிய உத்தியையும் தேதியிட்டு எழுதி, அனைவரும் படிக்கும் இடத்தில் வெளியிடுங்கள். அதற்கு நீங்களே காப்புரிமை கேட்கப் போவதில்லை என்றால், வெளியிட்ட அந்தக் கட்டுரை, நாளை வேறொருவர் அதே முறைக்கு உரிமை கேட்கும்போது குறுக்கே நிற்கும். ஒருமுறை வெளியிட்டால் திரும்பப் பெற முடியாது என்பதால், குழுவில் எல்லோரும் பேசி முடிவெடுத்த பின்பே வெளியிடுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நேற்று மாலை குழுவாக அமர்ந்து பேசினோம் அம்மா. ழகர, ளகர, லகர வேறுபாடு மங்கிப்போகும் பேச்சுகளில், எந்தச் சொல் என்பதைச் சூழலைக் கொண்டு திருத்துவதற்கு நாங்கள் வைத்திருக்கும் முறையைக் காப்புரிமைக்குக் கொண்டு போவதில்லை என்று முடிவு செய்தோம். விளக்கக் கட்டுரையையும் நிரலையும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் தேதியோடு வெளியிடுகிறோம். கட்டுரை பாதிதான் முடிந்திருக்கிறது. ஒலியலை ஐயா ஒருமுறை படித்துத் திருத்தித் தருவதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

ஒலியலை எழுதியது:

அனுப்புங்கள் தம்பி. முன்பே வெளியான கட்டுரைகளின் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள்; முதலில் அதைத்தான் படிப்பேன்.